சுவரொட்டிப் பூ

துணியை விலக்கியதும் பள்ளிக்கூட மண்டபம் முழுக்கக் கைதட்டல். சுவரொட்டியில் ஒரே ஒரு துலிப். மஞ்சள் இதழ்கள், ஓரத்தில் மட்டும் சிவப்பு, பின்னாலிருந்து விழுந்த காலை வெயிலில் உள்ளுக்குள் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் ‘மலைப்பூவைப் பறிக்காதீர்’. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘புகைப்படம்: ஷோல்பன்’. வனத்துறைக்காரர் அவளை மேடைக்கு அழைத்து, பூவை எப்படி நேசிப்பது என்று பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நன்றி என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அவர் பிள்ளைகளிடம் பாராட்டினார்.

அடக்கமாவது ஒன்றாவது. அந்தப் பூவை வெட்டியவளே அவள்தான்.

ஷோல்பனுக்குப் பிழைப்பு கல்யாணப் படம். மணப்பெண்களின் மூக்கைக் கொஞ்சம் சிறிதாக்குவாள், மாமியார்களுக்குப் பத்து வயதைக் குறைப்பாள், யாரும் குறை சொன்னதில்லை. ஏப்ரல் வந்தால் மட்டும் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு கராத்தாவ் மலைச்சரிவுக்குப் போய் ஈரத்தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். பையில் கேமராவோடு ஒரு தண்ணீர்ப் பீச்சானும் நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோலும் இருக்கும். பனித்துளி இல்லாத காலையில் பனித்துளி வைக்கப் பீச்சான். குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த புல்லை நறுக்கக் கத்தரிக்கோல். மலைப்பூவைப் படம் எடுக்கிற எல்லோரும் இதைச் செய்கிறார்கள், யாரும் வெளியே சொல்வதில்லை.

போன வருஷம் அந்த மஞ்சள் பூவை அவளுக்குக் காட்டியவர் பைமுராத். வசந்தம் தொடங்கியதும் தேன்பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருகிற மனிதர். சரிவெல்லாம் சிவப்புத் துலிப்பாக இருக்க, பாறைக்குப் பின்னால் இது ஒன்று மட்டும் மஞ்சள். ஆடு மேயாமல் இருக்கச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருந்தார். விதை விழுந்து, முளைத்து, அது பூக்கப் பத்து வருஷமாவது ஆகும், அதுவரை நான் இருப்பேனோ என்னவோ, விதையை மட்டும் தூவிவிட்டுப் போகிறேன் என்று சிரித்தார். பிறந்த பிள்ளையைக் காட்டுகிற பெருமை அவர் முகத்தில் இருந்தது.

அவள் இருநூறு படம் எடுத்தாள். இருநூறாவது எடுத்து முடித்தபோது நகரத்துப் புகைப்படக்காரன் ஒருவனின் நினைப்பு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அவள் தேடிக் கண்டுபிடித்த பூவை மறுநாளே அவனும் வந்து எடுத்து, அவன் படம்தான் காலண்டரில் வந்தது. பைமுராத் தேன்பெட்டிப் பக்கம் போயிருந்தார். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. நறுக். எவ்வளவு சின்னச் சத்தம். வீட்டுக்குக் கொண்டுபோகவும் துணிவில்லாமல், வழியில் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி ஆற்றில் போட்டாள். அந்தப் படத்தைத்தான் ஆயிரம் படங்களிலிருந்து வனத்துறை தேர்ந்தெடுத்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஆசை.

விழா முடிந்து வெளியே வந்தபோது பைமுராத் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். கையில் சுருட்டிய சுவரொட்டி ஒன்று.

“வீட்டுல மாட்டப் போறீங்களா அண்ணே?” என்றாள்.

“என் வீட்டுக்கு எதுக்கும்மா இது? உர்கியா மருமக ஆக்மரல் இருக்காளே, அவ வாசல்ல ஒட்டப் போறேன். தெனமும் கதவத் தொறந்ததும் இதுலதான் முழிக்கணும்.”

ஷோல்பனைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அவருக்குத் தெரிந்த கதையை அவர் சொன்னார். பூ போன அன்று, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர் வீட்டு மருமகள் கத்தியோடு சரிவில் நின்றதை அவரே பார்த்திருக்கிறார். மசக்கைக்காரி, மலையில் முளைக்கிற புளிப்புத் தண்டு வெட்ட வந்தேன் என்றாளாம். தண்டு வெட்டுகிறவள் பூவை விட்டு வைப்பாளா? ஆடு கடித்திருந்தால் பிய்ந்திருக்கும், இது ஒரே வெட்டு. அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சு இல்லை. இலையுதிர் காலத்தில் குழந்தைக்குத் தொட்டில் விருந்து வைத்தார்கள், இவர் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. இவர் போகவில்லை என்று தெரிந்ததும் பக்கத்து வீடுகளும் போகவில்லை. சமைத்த கறி மிஞ்சிப்போனதாம்.

“நீயும் வா,” என்றார். “ஒன் படம். நீ வந்து நின்னா மரியாதையா இருக்கும்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூட வாசலில் வனத்துறைக்காரர் நின்றார், பிள்ளைகள் நின்றார்கள். அவள் பைமுராத்தின் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் சுருள் அவள் மடியில் கிடந்தது. அந்தப் பெண் வீட்டில் இல்லாமல் இருக்கட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டாள். பிறகு, இப்படிக் கும்பிடுகிற கேவலம் உறைத்து, கன்னம் கொதித்தது. நாற்பத்தாறு வயதில், திருடிவிட்டு மேசைக்கடியில் ஒளிந்த பிள்ளையின் நிலைமை.

ஆக்மரல் வீட்டில்தான் இருந்தாள். இருபது வயது இருக்கும். இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தவள் பைமுராத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். பேச வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள் போல. அவர் கதவில் சுவரொட்டியைப் பரப்பி, பல்லால் டேப்பைக் கிழித்து ஒரு மூலையை ஒட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள். கீழே இருந்ததை மெதுவாகப் படித்தாள். முகம் வாடிப்போனது.

“பூ ரொம்ப அழகா இருக்குக்கா,” என்றாள் ஷோல்பனிடம், தாழ்ந்த குரலில். “நான் பறிக்கல. நான் சொன்னா யாரும் நம்பல. நீங்களாவது அண்ணன்கிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்.”

ஷோல்பன் அவள் காலைப் பார்த்தாள். ரப்பர்ச் செருப்பு, ஒன்றில் தையல் போட்டிருந்தது.

“நான்தான் வெட்டுனேன்,” என்றாள்.

பைமுராத்தின் கை டேப்போடு நின்றது. திரும்பவில்லை.

“எதுக்கு?” என்றார் கதவைப் பார்த்தபடியே.

“வேற யாரும் படம் எடுத்துரக் கூடாதுன்னு.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவள் காதுக்கே கேட்டது. பசிக்கு வெட்டினேன், தெரியாமல் மிதித்தேன் என்று எதையாவது சொல்லலாம் போலிருந்தது. வேறு காரணம் எதுவும் அவளிடம் இல்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் கொஞ்சம் தேவலையாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் திட்டவில்லை. ஒட்டாத மூலை காற்றில் படபடத்தது, அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றார். திரும்பினால் ஆக்மரலின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குக் கூசித்தான் அவர் திரும்பவில்லை என்பது ஷோல்பனுக்குப் புரிந்தது.

உள்ளேயிருந்து மாமியார் உர்கியா துணியில் பொதிந்த ரொட்டியோடு வந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும், வீடு அவ்வளவு சின்னது. ஆனால் வாசல்வரை வந்தவர்களை ரொட்டியில் வாய் வைக்காமல் அனுப்புவது அந்த ஊரில் இல்லை, பகையாளியாக இருந்தாலும் சரி. ரொட்டியை மருமகளிடம் கொடுத்தாள்.

ஆக்மரல் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ரொட்டியைப் பிட்டு முதல் துண்டை ஷோல்பனிடம் நீட்டினாள்.

“எடுத்துக்கங்கக்கா.”

ஷோல்பன் இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டாள். காலையில் சுட்ட ரொட்டி, இன்னும் சூடு இருந்தது. வாய் காய்ந்து கிடந்ததால் அது அப்படியே நாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியாது, ரொட்டியைத் துப்பிய மனிதரை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. பைமுராத் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆக்மரல் இரண்டாவது துண்டை அவருடைய முதுகுக்கு நேரே நீட்டியபடி நின்றாள், குழந்தை எட்டி அதைப் பிடிக்கப் பார்த்தது.