காலிக் கேபினின் எடை

லிஃப்ட்டுக்கு எடை தெரியும். கேபினின் தரை நேராக இரும்புச் சட்டத்தில் உட்காருவதில்லை. நடுவே தடித்த ரப்பர் கட்டைகள் உண்டு. ஆள் ஏறினால் கட்டை மயிரிழை அமுங்கும். அடியிலுள்ள சென்சார் அந்த மயிரிழையைக் கிலோவாக மாற்றிச் சொல்லும். அளவு மீறினால் மணி அடித்து, கதவை மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் காலி என்றால் என்னவென்று அதற்கு முதலில் ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேபினைக் காலியாக நிறுத்தி, வெளியே நின்று கருவியில் பொத்தானை அழுத்தி, "இதுதான் ஒன்றுமில்லை" என்று பதிய வைக்க வேண்டும். இதற்குத்தான் ஜீரோ போடுவது என்று பெயர். மளிகைக்கடைத் தராசில் தட்டைக் காலியாக வைத்து முள்ளைச் சரிபார்ப்பது போலத்தான்.

அந்த வேலையில் மெக்கானிக்கின் கை சுத்தம் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் லிஃப்ட் சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரம்மா நம்ப முடியாமல் தலையைச் சொறிந்தாள்.

"அண்ணே, நீங்க ஜீரோ போட்ட லிஃப்ட் எல்லாம் காலியா நின்னா மைனஸ் நாப்பத்தாறு காட்டுது. ஒண்ணு ரெண்டுன்னா சென்சார் கோளாறுன்னு விட்டுடலாம். எல்லாமே எப்படிண்ணே ஒரே நாப்பத்தாறு?"

"அப்படி வராதே."

"வருதே! உள்ள யாரையோ நிக்க வச்சுட்டு ஜீரோ போட்டாத்தான் இப்படி வரும். உங்களை நிக்க வச்சா எழுபத்தெட்டு. அண்ணியா?"

"அவளை நிக்க வச்சா மணியே அடிச்சிரும்."

இன்ஸ்பெக்டரம்மா சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். "விளையாட்டில்லண்ணே. கூட ஒரு ஆள் ஏறினாலும் லிஃப்ட்டுக்குத் தெரியாது. என்னிக்காவது கயிறு பாரம் தாங்காம நழுவிட்டா யாரு பதில் சொல்றது? இன்னிக்குச் சரிபண்ணிக் காட்டுங்க. இல்லன்னா உங்க லைசன்ஸை நான்தான் நிறுத்தணும்." போகிறபோக்கில் திரும்பிச் சொன்னாள்: "போன வருஷத்துக்கு முந்தி நீங்க போட்டது எல்லாம் கச்சிதமா இருக்குண்ணே. அதான் எனக்குப் புரியல."

மெக்கானிக் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தான். போன வருடம்தான் லிஃப்ட் அக்கா செத்துப்போனாள்.

அவளை அவன் முதலில் பார்த்தது மருத்துவமனை லிஃப்ட்டில். உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்து நாளெல்லாம் ஆட்களை ஏற்றி இறக்குவது அவள் வேலை. அன்று அவனுடைய குழந்தை பிறந்த சற்று நேரத்திலேயே போய்விட்டது. மேலே கடவுள் என்று யாரும் இல்லை, இருந்திருந்தால் இப்படி நடக்காது என்று முடிவு கட்டிக்கொண்டு அவன் கீழே இறங்கினான். அவள் ஆளில்லாத ஒரு மாடியில் கதவைத் திறந்து, "வாங்க" என்று சொல்லி, ஒரு மூச்சு நேரம் காத்திருந்து மூடினாள்.

"யாரும் ஏறலையே?" என்றான் எரிச்சலாக.

"ஏன், உனக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தாத்தான் ஏத்தணுமா?"

அந்தக் கேள்வி அவனை விடவில்லை. திட்டப் போனான், உட்கார்ந்து கேட்டான், பிறகு வாராவாரம் போனான். கடவுளைப் பற்றி அவள் உபதேசம் எதுவும் செய்ததில்லை. "அவரு இருக்காரான்னு அளந்து பாக்காதே. கதவைத் திற, வாங்கன்னு சொல்லு, அவ்வளவுதான் நம்ம வேலை" என்பாள். அன்று முதல் எந்த லிஃப்ட்டில் கை வைப்பதானாலும் கதவைத் திறந்து, அவள் சொல்வது போலவே "வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவான். இடிந்துபோகாமல் அவனை இத்தனை காலம் நிமிர்த்தி வைத்திருந்தது அந்த ஒரு சொல்தான்.

இன்ஸ்பெக்டரம்மா வந்த அன்று விடுமுறை நாள். அலுவலகக் கட்டடத்தில் ஈ காக்காய் இல்லை. இன்ஸ்பெக்டரம்மா கீழ்த்தளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் மேல்மாடியில் லிஃப்ட் வாசலில் நின்று கருவியின் ஒயரைச் செருகினான். வெயில் ஜன்னல் வழியே தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. கேபின் காலி. கருவி மைனஸ் நாற்பத்தாறு என்றது.

கட்டை இறுகியிருக்கலாம் என்று அடித்தரையில் கைவிட்டுப் பார்த்தான். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினான். அதே எண். இனி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான் என்று, யோசிக்காமல், பழக்கத்தில், கேபினைப் பார்த்து "வாங்க" என்றான்.

எண் நகர்ந்தது. மைனஸ் முப்பது. மைனஸ் பதினொன்று. ஆள் ஒற்றைக் காலை வைத்து, பிறகு மறுகாலையும் எடுத்து வைப்பது போல. தரை மெல்ல முனகியது. ஜீரோ.

அவன் எட்டிப் பார்த்தான். கேபினுக்குள் வெளிச்சமும் கண்ணாடியும் தவிர எதுவும் இல்லை.

மூளை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. முன்பெல்லாம் 'வாங்க' என்றபோதும் ஜீரோ சரியாகவே விழுந்தது. அப்போது வந்தவருக்கு எடை இல்லை. போன வருடத்திலிருந்து வருவது யார்? கடைசி நாட்களில் அக்காவைத் தூக்கித் தராசில் நிறுத்தியவன் அவன்தான். எலும்பும் தோலுமாக, நாற்பத்தாறு.

அவளுடைய சொல், அவளுடைய குரல் ஏற்றம். அவள் போன துக்கத்தில், கடவுளைக் கூப்பிடுகிற சாக்கில், அவன் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறான். அவளும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து ஒவ்வொரு கட்டடத்திலும் ஏறி நின்றிருக்கிறாள். உயிரோடு இருந்தபோதுதான் லிஃப்ட்டுக்குள் அடைந்து கிடந்தாள் என்றால், செத்த பிறகுமா?

இப்படியே பொத்தானை அழுத்தினால் அவள் கூடவே இருப்பாள். லைசன்ஸ் போகும், போகட்டும். ஆனால் அவளை அனுப்பிவிட்டால்? அவள் இல்லாத அந்த இடத்தில் வேறு யாராவது இருக்கிறாரா என்பது அவனுக்குத் தெரியாது. அதுதான் அவன் பயம்.

"அக்கா," என்றான். "உங்க ட்யூட்டி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. இறங்கிக்கங்க."

எண் அசையவில்லை.

"நான் பாத்துக்கறேன்க்கா."

பாரம் மெதுவாகக் குறைந்தது. அவனை உரசிக்கொண்டு குளிர்ச்சியாக ஒன்று வெளியே போனது. மைனஸ் நாற்பத்தாறு. அவன் பொத்தானை அழுத்தினான். காலிக் கேபின், ஜீரோ.

சரிபார்க்க ஒருமுறை ஏறி ஓட்ட வேண்டும். கருவியோடு உள்ளே போனான். எழுபத்தெட்டு. அவன் எடை மட்டும்தான். கதவு மூடியது, கேபின் இறங்கத் தொடங்கியது.

சோதனை ஓட்டத்தில் லிஃப்ட் வெளி அழைப்புக்கு நிற்காது, விளக்கு மட்டும் எரியும். எரிந்தது. அவன் விட்டு வந்த மேல்மாடியில், ஆளே இல்லாத இடத்தில், யாரோ பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அவன் கை மேலே போகும் பொத்தானை நோக்கிப் போயிற்று. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான். விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு தானாக அணைந்தது.

எண் எழுபத்தெட்டிலேயே நின்றது. அவன் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடினான். அக்காவின் சொல் வாய்வரை வந்தது, விழுங்கினான். சொந்தச் சொல் என்று அவனிடம் எதுவுமே இல்லை. வெகுநேரம் தேடி, அந்த மருத்துவமனை நாளிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒன்றை எடுத்தான்.

"பொண்ணு பிறந்துச்சு," என்றான் எடையில்லாத அந்த இடத்தை நோக்கி. "மூக்கு அப்படியே என்னை மாதிரி."