ஒரு சொல்லின் கடைசிச் சாட்சி

1953, நவம்பர் 12, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. யார்க் நகரத்தின் மேல் விடியலில் இறங்கிய மூடுபனி இன்னும் விலகவில்லை. நடுக்கால ஆங்கில அகராதி அலுவலகத்தில் விளக்குகள் எரிந்தன. மண்ணெண்ணெய் அடுப்பின் நெடி, ஈரக் கம்பளி மேலங்கிகளின் நெடி, இரண்டையும் மீறி வினிகர் நெடி. தலைமைப் பதிப்பாசிரியர் டாக்டர் ஆஸ்காட்பி இந்த வேளையில், வெந்த மாட்டுக்குடலை வினிகரில் தோய்த்து, உதவியாளர்களின் மேசைகளுக்கிடையே நடந்தபடி தின்பார். தின்ற விரலை நக்கி, அதே விரலால், பழைய நூல்களின் மேற்கோள்களைப் படியெடுத்த சீட்டுகளைப் புரட்டுவார்.

அந்த உதவியாளர்களில் ஒருத்தியான ஹெஸ்டர் தாக்ரே மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னிருந்த சொல் 'வ்லாட்சம்': குமட்டலூட்டுவது, அருவருக்கத்தக்கது. நண்பகலில் அச்சகத்து வண்டி வருமுன் அவள் அதன் முடிவுத்தாளில் கையெழுத்திட வேண்டும்.

அந்தச் சொல்லின் குடும்பம் வயிற்றில் பிறந்தது. ஆயிரம் ஆண்டுப் பழைய மருத்துவ ஏடுகளில் அது உணவைக் கண்டதும் எழும் ஓங்கரிப்பு. அதற்குக் கஷாயம்கூட எழுதி வைத்திருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர்கள் அதைக் கொலைக்கும் துரோகத்துக்கும் உரியதாக்கினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் அச்சொல் வழங்கியதற்கான எழுத்துச் சாட்சிகள் நின்றுபோயின, ஒன்றைத் தவிர. 1561ஆம் ஆண்டுப் பிரசங்கம் ஒன்றில் அச்சொல் உயிரோடிருந்ததாக ஒரு சீட்டு கூறியது. ஆஸ்காட்பி 1921இல் ஒரு மாளிகை நூலகத்தில் தம் கையால் படியெடுத்த சீட்டு அது. அடுத்த ஐந்தாண்டுகளில் அந்த நூலகம் எரிந்துபோனது. இங்கிலாந்தின் வடபகுதியில் அச்சொல் நூறாண்டு கூடுதலாக வாழ்ந்தது என்று அவர் ஆற்றிய உரைதான் அவருக்கு இந்த நாற்காலியைத் தந்தது.

சீட்டில், சரிபார்த்தவரின் இரண்டாம் கையொப்பத்துக்கான இடம் காலியாக இருந்தது. அது ஹெஸ்டருக்கு உரியது.

"தலைவர் சீட்டைப் படிச்சுட்டா கையெழுத்துப் போடப்போற, கண்ணு?" என்றாள் சீட்டுப் பெட்டிகளைக் காக்கும் மிஸஸ் பிக்கிள்ஸ். "இங்க யாருக்கும் அந்தக் கெட்ட பழக்கம் இல்லையே. உன் வேலை நிரந்தரமாகணுமா வேண்டாமா?"

ஆஸ்காட்பி அவள் தோளுக்கு மேலே குனிந்தார். முள்கரண்டியிலிருந்து ஒரு துளி சீட்டின் மேல் விழுந்தது.

"அடடா. தொடச்சிடுங்க, மிஸ் தாக்ரே."

அவர் தம் அறைக்குப் போனார். வினிகர் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடிபோல் ஆயிற்று. அதனூடே இடவலம் மாறிய அச்செழுத்துகள் தெரிந்தன. அந்த அலுவலகத்தில் எல்லோரும் பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில்தான் சீட்டு வெட்டுவார்கள். சிக்கனம் அவர்களுக்கு மதம் மாதிரி. ஹெஸ்டர் சீட்டைத் திருப்பினாள். 'தலைக்கு வாரம் இரண்டு அவுன்சு வெண்ணெய். பங்கீட்டு அலுவலகம், மார்ச் 1942.'

1921இல் எழுதிய சீட்டு, 1942இல் அச்சான தாளில். நான்காண்டுகளாக இந்தச் சாட்சியை அவள் தன் மாலை வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

சீட்டோடு அவர் அறைக்குப் போனாள். மேசையில் குடல்தட்டின் பக்கத்தில் அவளுடைய நிரந்தர நியமன உத்தரவு கையெழுத்தில்லாமல் கிடந்தது.

"பழசு கிழிஞ்சிருக்கும். மறுபடி எழுதியிருப்பேன்," என்றார் மென்றுகொண்டே.

"அப்போ மூலையில 'மறுபடி'ன்னு குறிச்சிருக்கணும், சார். அந்த விதியை எழுதினதே நீங்கதான்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு சிரித்தார். வெளுத்த குடல்நார் ஒன்று அவர் பல்லிடுக்கில் தொங்கியது.

"அப்படி ஒரு பிரசங்கம் இருந்திருக்கணும்னு எனக்குத் தெரியும். கிடைக்கல, அவ்வளவுதான். இதனால யாருக்கு என்ன நஷ்டம்?" உத்தரவை இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார், விரல் பட்ட இடம் பளபளத்தது. "நீங்களும் நம்ம ஆளுதானே. நீங்க அதுல போடுங்க, நான் இதுல போடறேன். பேனா இருக்கா?"

அவர் பயந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவர் பயப்படவில்லை, தம்மைப் போலவே அவளும் இருப்பாள் என்று இயல்பாக நம்பினார். மருத்துவ ஏட்டின் ஓங்கரிப்பு என்னவென்று அவளுக்கு இப்போது அகராதி இல்லாமலே விளங்கியது.

"பேனா இருக்கு, சார்," என்றாள்.

தன் மேசைக்குத் திரும்பி, முடிவுத்தாளில் நிதானமாக எழுதினாள்: 'பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் வழக்கிறந்தது. 1561ஆம் ஆண்டுச் சாட்சி நீக்கப்படுகிறது. காரணம்: சீட்டின் பின்பக்கம் காண்க.' சீட்டின் அச்சிட்ட பக்கம் மேலே தெரியும்படி குண்டூசியால் குத்தினாள். கையெழுத்திட்டாள். மை காயும்வரை காத்திருந்தாள்.

"பத்து நிமிஷத்துல வண்டி வந்துடும்," என்ற மிஸஸ் பிக்கிள்ஸ் ஊசியைப் பார்த்தாள். வெண்ணெய்க் கணக்கைப் படித்தாள். அவள் முகம் சுருங்கியது. "உனக்கு வேற எங்கயாவது வேலை இருக்கா, கண்ணு?"

"இல்ல."

வாசலில் அச்சகத்து ஆள் தொப்பியிலிருந்த ஈரத்தை உதறிக்கொண்டிருந்தார். ஆஸ்காட்பி அறைக்கதவைத் திறந்து, உதட்டைத் துடைத்தபடி அவளைப் பார்த்தார். ஹெஸ்டர் தாளை அச்சகத்து ஆளின் கையில் கொடுத்தாள்.