வாசலில் கழற்றிய கடிகாரம்

‘ஜூன் 12, வியாழன். முனீஸ்வரன் அண்ணாச்சியின் கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பைப் பத்து நாளாகக் குறித்துவருகிறேன். நாள் முழுக்க அவர்தான் கட்டியிருக்கிறாரா என்று கேட்கவில்லை. சின்னத் தவறு.’

எழுதிய நர்ஸ் சத்யபிரியா, ‘சின்ன’ என்பதை அடித்தாள். வேலை முடிந்து படிக்கப்போகும் மாலை வகுப்பில் பாடம் எதுவும் காதில் ஏறவில்லை.

பகலில் மட்டும் துடிப்பு தாறுமாறாக இருந்தது. “மகன் வாங்கி அனுப்புன வாட்ச நம்பி மருந்து எழுத மாட்டேம்மா” என்று சொல்லி, டாக்டர் இன்று ஈ.சி.ஜி. எடுக்கவைத்தார். கோளாறு எதுவும் இல்லை.

“பகல்லயும் நீங்கதான கட்டியிருக்கீக, அண்ணாச்சி?” என்று அப்போதுதான் அவள் கேட்டாள்.

தீப்பெட்டி ஆலையில் வேலைபார்க்கும் முனீஸ்வரன் சிரித்தார். “தீப்பெட்டி ஆபீசுக்குள்ள பேட்டரி சாமான் கொண்டுபோவக் கூடாதுல்லா. வாசல்ல வாட்ச்மேன் மாடக்கண்ணு கையில மாட்டிவிட்டுட்டுப் போவேன். வாங்குத சம்பளத்துக்கு எத்தன அடி நடந்தாம்னு சாயந்தரம் பாப்போம்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “அப்ப சீக்கு அவருக்குல்லா. உடனே கூப்பிடுங்க.”

மாடக்கண்ணுவுக்கு இன்று விடுமுறை. போன் அணைந்திருந்தது. ஊர் புதூர்ப் பக்கம் என்பதற்குமேல் முனீஸ்வரனுக்குத் தெரியவில்லை. வகுப்பு முடிவதற்குள் அவள் நான்கு முறை அழைத்துப் பார்த்துவிட்டாள்.

நோட்டில் கடைசி வரியை எழுதினாள்: ‘நாளை காலை ஏழு மணிக்கு ஆலை வாசலில் நின்று, மாடக்கண்ணு வந்ததும் ஈ.சி.ஜி. எடுக்கக் கூட்டிவர வேண்டும்.’