ஒரே இரவில் நான்கு இலை

பாடநூல் பதிப்பகத்தில் வாசிப்புப் பயிற்சி எழுதுவது அவள் வேலை. மறுநாள் கொடுக்கவேண்டிய பத்தியை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய், ஆறாவது படிக்கும் அக்கா மகளிடம் நீட்டினாள். அக்கா பக்கத்தில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தியில் இருந்தது அவளுடைய சொந்தக் கதைதான். அவளுக்கு எட்டு வயதானபோது அக்காவும் அவளும் ஒரே மாதிரியான இரண்டு தகர டப்பாக்களில் அவரை விதை ஊன்றினார்கள். அக்காவுடையது முளைத்தது. அவளுடையது பத்து நாளாகியும் அசையவில்லை. அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினாள். பதினோராம் நாள் காலையில் நான்கு இலையோடு செடி நின்றது. பாவம், அக்காவின் டப்பாவை மட்டும் பூனை கிளறிவிட்டது.

கேள்வி: செடி முளைத்ததற்குக் காரணம் என்ன? விடை: விடாமுயற்சி. அந்தச் செடிதான் தன்னைத் தாவரவியல் படிக்கவைத்தது என்று வேலைக்கான நேர்முகத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

சின்னவள் இரண்டு முறை படித்தாள்.

"அக்கா டப்பாவ மாத்தி வெச்சிட்டாங்க, சித்தி."

"அப்படி எங்க போட்டிருக்கு?"

"போடல. ஆனா ஒரே ராத்திரியில நாலு இலை எப்படி வரும்? பூனை மேல பழியப் போட்டுட்டாங்க."

மூன்று வருடம் தாவரவியல் படித்தவளுக்கு முகம் சுட்டது. திரும்பிப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி சட்டையின் ஒரே கையை மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா."

"நீ ஊத்துன தண்ணியில விதை அழுகிப்போச்சுடி. தோண்டிப் பாத்தேன்."

"இத்தன வருஷமா சொல்லவே இல்ல?"

"காலையில எந்திரிச்சதும் தெருவையே கூட்டிட்டு வந்து காட்டின. அப்புறம் எங்கருந்து சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீ காலேஜே முடிச்சிட்ட."

"அப்போ என்னோட படிப்பே பொய்யாக்கா?"

"ஏன், பரீட்சைய நானா வந்து எழுதினேன்?"

அவள் பேனாவை எடுத்து 'விடாமுயற்சி'யை அடித்தாள். கேள்வியையும் மாற்றினாள்: தங்கையின் டப்பாவில் செடி வந்தது எப்படி? அக்கா ஏன் அப்படிச் செய்தாள்? முதலாவதற்கு 'அக்கா டப்பாவை மாற்றி வைத்தாள்' என்று விடை எழுதினாள். இரண்டு மதிப்பெண் கேள்வி ஐந்து மதிப்பெண் ஆனது.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டாவதுக்கு விடை எழுதலையே?"

"உங்கம்மாவத்தான் கேக்கணும்."

அக்கா சட்டையை உதறி மடித்தாள்.

"நீ அழுதா எனக்குத் தலைவலி வரும். அதான் காரணம்னு எழுதிக்கோ."

அதை அப்படியே எழுதி, மாணவர் வேறு காரணம் எழுதினாலும் முழு மதிப்பெண் தரலாம் என்று கீழே சேர்த்தாள்.