சித்தி என்று கூப்பிடு

பெற்ற தாயைச் சித்தி என்று கூப்பிட ஒரு பிள்ளையைப் பழக்குவது லேசான காரியம் இல்லை. என் மனைவி மிட்டாய் டப்பாவோடு உட்கார்ந்து அதைச் செய்து முடித்தாள். தன்னை ‘அம்மா’ என்றால் ஒரு மிட்டாய், தன் தங்கையைச் ‘சித்தி’ என்றால் இன்னொன்று. சிட்டுவுக்கு ஐந்து வயது, கெட்டிக்காரி. பல்லைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டாள். பழக்கதோஷத்தில் ‘அம்மா’ என்று ஓடிவந்தால் என் கொழுந்தியாளே, “சித்தின்னு சொல்லு” என்று திருத்துவாள். திருத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

விஷயம் இதுதான். சிட்டுவுக்கு இரண்டு காதிலும் சீழ் கட்டி, கேட்கிற சக்தி குறைந்துகொண்டே வந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் முழுசாகப் போய்விடும் என்றார் டாக்டர். எங்களால் தாங்கக்கூடிய செலவு இல்லை. பிள்ளை இந்த நாட்டில் பிறந்ததுதானே, நகராட்சி மருத்துவ உதவிக்கு எழுதிப் போடுங்கள் என்றார். பிள்ளை பிறந்தது சரி, பெற்றவள் கதை என்ன? என் சகலை மாரடைப்பில் போனபோது, அவன் வேலையை ஒட்டிக் கிடைத்திருந்த அவளுடைய விசாவும் கூடவே போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் பின்னறையில் இருக்கிறாள், ஒரு சலவைக்கடையில் விரிப்பு மடிக்கிறாள். அரசாங்கத்தின் கண்ணில் அவள் பெயர் பட்டால் விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று எங்களுக்குப் பயம்.

“நான் அம்மான்னு போறேன். எங்க ரெண்டு பேர் பேருக்குப் பின்னாடியும் எங்கப்பா பேருதானே இருக்கு? யாரு உத்துப் பாக்கப் போறாங்க?” என்றாள் என் மனைவி. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சுமக்கிற நம் ஆட்களுக்குத்தான் இப்படிப் புத்தி போகும்.

நகராட்சி கவுன்ட்டரில் இருந்த அம்மாளும் தமிழ்தான்; உற்றுப் பார்த்தாள். சிட்டுவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பின்பெயரை என் மனைவியின் அட்டையோடு ஒப்பிட்டுத் தலையாட்டியவள், முன்பெயருக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

“இது நீங்க இல்லையே.”

ஊரையே விலை பேசுகிற என் மனைவியின் வாய், “பெரியம்மான்னாலும் எங்களுக்கு அம்மாதாங்க” என்று முனகியது.

“இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பெத்தவங்கதான் கையெழுத்துப் போடணும். எங்க அவங்க?”

கொழுந்தியாள் வெளியே என் காரின் பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். போய்ச் சொன்னேன்.

“அத்தான், உள்ள போனா என்னைத் திரும்ப விடுவாங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியலம்மா” என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் சீருடைக்காரர் பையைத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டிவிட்டு உள்ளே போனாள்.

கவுன்ட்டர் அம்மாள் குனிந்து, கொழுந்தியாளைக் காட்டி, சிட்டுவிடம் சத்தமாகக் கேட்டாள். “பாப்பா, இது யாரு?”

“சித்தி.”

சொன்ன கையோடு மிட்டாய்க்காக என் மனைவியிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

என் மனைவி உடைந்துபோய்விட்டாள். “நாங்கதாங்க சொல்லிக் குடுத்தோம். இவதான் பெத்தவ. இவளுக்குப் பேப்பர் இல்லங்க.” எதை மறைக்க வந்தோமோ அதைத் தண்டோரா போட்டாகிவிட்டது.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். “அவங்க விசாவை நான் கேட்டேனா? உதவி பிள்ளைக்கு. பிள்ளை இங்க பொறந்திருக்கு, அது போதும். பெத்தவங்க விசாவை நாங்க கேக்கவும் மாட்டோம், எழுதவும் மாட்டோம்.”

கொழுந்தியாள் காலாவதியான பாஸ்போர்ட்டை நீட்டினாள். அந்த அம்மாள் பெயரையும் படத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கையெழுத்தானது. அடுத்த மாதமே ஆபரேஷன் என்றார்கள்.

திரும்பும்போது காரில் என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். “இனிமே சித்தி கித்தி எதுவும் வேணாம்” என்று நானும் பெரிய மனிதனாகச் சொன்னேன். சிக்னலில் நின்றோம். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றது.

காது மந்தமான பிள்ளைகளுக்குக் குரல் பெரிது. “சித்தி, இப்ப உன்னை அம்மான்னு கூப்பிடலாமா?” என்று சிட்டு கேட்டாள்.

கொழுந்தியாள் தலையைத் தாழ்த்தி அவள் காதில், “வீட்டுக்குப் போனதும் கூப்பிடு, கண்ணு” என்றாள். சிட்டுவுக்கு அது கேட்கவில்லை.

“கூப்பிடலாமா?” என்று மறுபடி கேட்டாள், இன்னும் சத்தமாக.

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, கூடாது என்று தலையை ஆட்டினாள்.