சந்தனக் காப்பு போட்ட மைக்

பாண்டிச்செல்விக்குத் தலைகால் புரியவில்லை. 'கூடல் தென்றல்' இன்னிசைக் குழுவில் இத்தனை வருடமாகப் பின்வரிசையில் நின்று கோரஸ் பாடியவளுக்கு, மேலூர்த் திருவிழாவில் தனிப்பாட்டு கிடைத்திருந்தது. வழக்கமாகப் பாடும் ஸ்வப்னா கல்யாணமாகிப் பெங்களூரு போய்விட்டாள். குழுத் தலைவரும் கீபோர்டு வாசிப்பவருமான வெங்கடரமணன் போன் போட்டு, "ஒரே பாட்டும்மா. ஜனம் கைதட்டுனா இனிமே நீங்கதான். இல்லையா, பழையபடி கோரஸ்," என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். தனியாகப் பாடுகிறவர்கள் சொந்த மைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் நினைவுபடுத்தினார். ஒருத்தர் வாய் பட்ட மைக்கில் இன்னொருத்தர் பாடும் வழக்கத்தைக் கொரோனாவோடு குழு விட்டொழித்திருந்தது.

கோரஸ் என்றால் நாலு பேருக்கு ஒரு மைக். அதில் எவர் குரல் எது என்று பாடுகிறவர்களுக்கே தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு கச்சேரி முடிந்து விளாங்குடிக்குத் திரும்பும்போதும், பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு கணவன் ஆண்டிச்சாமியிடம் அவள் தவறாமல் கேட்பாள்.

"மாமா, என் குரல் கேட்டுச்சா?"

"கேக்காமயா? உன் குரல்தான் புள்ள எடுப்பாக் கேட்டுச்சு."

அவன் சொல்வது பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அதைக் கேட்காமல் அவளுக்கு வீடு வந்து சேராது.

மைக் வாங்கப் போகிற அன்றைக்கு ஆண்டிச்சாமி தன் குட்டியானை மினி லாரிக்கு வந்த லோடையெல்லாம் வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டான். டவுன்ஹால் ரோட்டில் சவுண்டு சாமான் விற்கும் கோகுல்நாத்தின் கடைக்குள் இரண்டு பேரும் பெண் பார்க்கப் போகிறவர்களைப் போல நுழைந்தார்கள். ஆண்டிச்சாமி சட்டையை இஸ்திரி போட்டிருந்தான்.

கோகுல்நாத் முதலில் ஒல்லியான மைக் ஒன்றைப் பவ்வியமாக எடுத்தார். "இது ரொம்ப நுணுக்கம்ணே. மூச்சு விட்டாக்கூடப் பிடிச்சிரும்."

பிடிக்கத்தான் செய்தது. பாண்டிச்செல்வி பாட வாயெடுப்பதற்குள் அவள் வளையல் ஸ்பீக்கரில் கலகலத்தது. ரோட்டில் ஒரு ஆட்டோக்காரர் "பெரியார், பெரியார்" என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூப்பிட்டது உள்ளே வந்தது. கடைசியாக, காலையில் சாப்பிடாமல் வந்த ஆண்டிச்சாமியின் வயிறு கடமுட என்று உருண்டது கடை முழுக்க ஒலித்தது.

"மேடையில தவிலு, டிரம்ஸு எல்லாத்தையும் இது இழுத்துக்கிரும். உங்களுக்கு ஒத்துவராது," என்று கோகுல்நாத்தே அதை வாங்கி வைத்துவிட்டார்.

அடுத்தது எக்கோ வைத்த மைக். ஆண்டிச்சாமிக்கு அதைப் பார்த்ததும் காதல் வந்துவிட்டது. தானே வாங்கி "அலோ" என்றான். அலோ, அலோ, அலோ என்று அது திருப்பிச் சொன்னது. "ஏ புள்ள, அழகர்மலை உச்சியில நின்னு கத்துற மாதிரி இருக்குல்ல? இதையே எடுத்துருவோம்!"

பாண்டிச்செல்வி ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நான் நிறுத்துன பிறகும் எவளோ பாடுறா மாமா. இனிமே எனக்குக் கோரஸ் வேணாம்."

மூன்றாவதாக வந்ததைப் பார்த்தால் ஒரு விசேஷமும் இல்லை. உருண்டைத் தலை, கனத்த கைப்பிடி, சாம்பல் நிறம், அவ்வளவுதான். அவள் ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். நாலு பேருக்கு நடுவில் நின்ற பழக்கம்.

"கிட்ட வைங்கக்கா. இது வாய்க்கு நேர வர்றதத்தான் எடுக்கும், சுத்தி இருக்குறத விட்டுரும். இன்னும் கிட்ட... முத்தம் குடுக்குற தூரத்துல."

கோகுல்நாத் இதை ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிறவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆண்டிச்சாமிக்குத்தான் இருமல் பிடித்துக்கொண்டது. பாண்டிச்செல்வி வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

பல்லவி முடிந்த பிறகும் ஆண்டிச்சாமி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏ புள்ள... இம்புட்டு நாளா இந்தக் குரலையா வச்சிருந்த?"

"அப்ப எடுப்பாக் கேட்டுச்சுன்னு சொன்னதெல்லாம்?"

ஆண்டிச்சாமி சட்டென்று கடைக்காரர் பக்கம் திரும்பி, வயர் எத்தனை மீட்டர் வரும் என்று அக்கறையாக விசாரிக்கத் தொடங்கினான். கோகுல்நாத் மைக்கின் வலைத் தலையைத் திருகிக் கழற்றிக் காட்டி, அழுக்கானால் இதை மட்டும் கழுவிக் காயவைத்து மாட்டலாம் என்றார். நல்லவேளையாக ஆண்டிச்சாமி அதைக் கவனித்தான்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டாமல் விடமாட்டான். குட்டியானைக்கு வைத்தான், பிரிட்ஜுக்கு வைத்தான், மகளின் ஜாமெட்ரி பாக்ஸைக்கூட விட்டுவைக்கவில்லை. பெண்டாட்டியின் முதல் தனிப்பாட்டுக்கு வந்த மைக்குக்கு வெறும் பொட்டு போதுமா? மேலூருக்குக் கிளம்புவதற்கு முன், அவள் சேலை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உருண்டைத் தலை முழுவதும் அம்மனுக்குச் சாத்துவதைப் போலச் சந்தனக் காப்பு சாத்தி, நடுவில் குங்குமம் வைத்து, பயபக்தியோடு பெட்டியை மூடிவிட்டான்.

கச்சேரி தொடங்கும் முன் மேலூர் மேடையில் பெட்டியைத் திறந்தவள், "அடப்பாவி மாமா!" என்றாள்.

மேலாகத் துடைத்துவிட்டு வயரைச் சொருகிப் பாடிப் பார்த்தாள். வலைக் கண்ணெல்லாம் அடைத்துக் கிடந்தது.

"என்னம்மா, போர்வைக்குள்ள இருந்து பாடுறீங்களா?" வெங்கடரமணன் கீபோர்டிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். மைக்கைப் பார்த்ததும் அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "விடுங்க. இந்தப் பாட்டையும் ரம்யாஸ்ரீயே அவங்க மைக்குல பாடட்டும். நீங்க இன்னைக்குக் கோரஸ்ல நின்னுக்கங்க."

இன்றைக்குப் போனால் போனதுதான், பின்வரிசைதான்.

"அண்ணே, ரெண்டு பாட்டு போகட்டும்ணே. ரெண்டே பாட்டு. இந்தா வாரேன்!" மேடை ஓரம் நின்ற ஆண்டிச்சாமி மைக்கின் தலையைத் திருகி எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடியவன் நின்ற இடம், திருவிழா பஜ்ஜிக்கடை. அங்கிருந்த குடத்துத் தண்ணீரில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினான். உள்ளே இருந்த பஞ்சை உருவி எடுத்து வேட்டியில் பிழிந்தான். பிறகு கடைக்கார அம்மாவிடம் இடுக்கியை வாங்கி, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்து அனலில் மைக் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"என்ன தம்பி, இதையும் பஜ்ஜி போடணுமா?"

"காய வைக்கணும்கா! எம்பொண்டாட்டி பாடப்போறா!"

மேடையில் இரண்டாவது பாட்டு முடிந்தபோது, இடுக்கியும் கையுமாக மூச்சு வாங்க ஓடிவந்து, தலையை மாட்டித் திருகி அவள் கையில் கொடுத்தான். அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது. வெங்கடரமணன் அவளை ஒரு பார்வை பார்த்தார், கையை அசைத்தார், வாத்தியம் தொடங்கியது.

பாண்டிச்செல்வி மைக்கை முத்தம் கொடுக்கிற தூரத்துக்குக் கொண்டுபோனாள். குப்பென்று சந்தன வாசனை. அதன் பின்னாலேயே மிளகாய் பஜ்ஜி வாசனை. முதல் வரியை எப்படியோ பாடிவிட்டாள். இரண்டாவது வரியில் பஜ்ஜிச் சட்டியும் இடுக்கியும் மாமாவின் முகமும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. அடக்க முடியாத ஒரு சிரிப்பு, சுருதி கெடாமல், பாட்டுக்கு நடுவில் குலுங்கி வெளியே வந்தது. அது காதல் பாட்டு. சிரிப்பும் பாட்டில் உள்ளதுதான் என்று எண்ணி மைதானம் விசிலடித்தது. அந்த விசிலில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது. அப்புறம் அவள் பாடியது பாட்டு! எனக்கு அதை எழுதத் தெரியவில்லை. பஜ்ஜிக்கடை அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. வெங்கடரமணன் எழுந்து நின்று கட்டைவிரலை உயர்த்தினார். கூட்டத்துக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஆனால் தனி மைக்கில் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியாது. கச்சேரி முடிந்தால் அவளுக்குப் பேசத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மைக் இன்னும் உதட்டருகே இருப்பதை மறந்து, கூட்டத்தின் ஓரத்தில் ஈர வேட்டியோடு நின்றவனைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, என் குரல் கேட்டுச்சா?"

மைதானத்தின் நாலு மூலை ஸ்பீக்கரிலும் அது ஒலித்தது. பிறகு பந்தலே அதிரும்படி, "கேட்டுச்சுக்கா!" என்று மேலூர் மொத்தமும் கத்தியது.

ஆண்டிச்சாமி மட்டும், முதல் தடவையாகப் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல், கையில் பஜ்ஜி இடுக்கியோடு நின்று அழுதுகொண்டிருந்தான்.