ஒன்பது படங்களில் வந்த படகு

ஓட்டுத் தொழிற்சாலைக் கால்வாயின் புகைப்படத்தில் இருந்த சரக்குப் படகு நாளுக்கு நான்கு மில்லிமீட்டர் நகர்ந்தது. இதைக் கண்டுபிடித்தது படத்தை எடுத்த எக்ஸ்ரேக்காரர் அல்ல, அவருடைய மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாகக் கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியை அளப்பவள் அவள். அவளுடைய அளவு பிசகியதாக ஊரில் யாரும் சொன்னதில்லை. ஒரு வாரம் தினமும் பல் தேய்த்துக்கொண்டே படத்தின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் கணவரிடம், "என்னங்க, உங்க படகு ஓடுது" என்றாள்.

எக்ஸ்ரேக்காரர் வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் எலும்புகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சலித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிப்போன ஆலைகளையும் தூர்ந்துபோன கால்வாய்களையும் வண்ணத்தில் எடுத்துக்கொண்டு திரிந்தார். அந்த முறைக்கு எச்.டி.ஆர். என்று பெயர். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை மூன்று தடவை எடுப்பார்: ஒன்று இருட்டாக, ஒன்று சரியாக, ஒன்று கண் கூசும் வெளிச்சமாக. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் சூளைக்குள் படிந்த கரியும் தெரியும், இடிந்த கூரைக்கு மேலே போகும் மேகமும் தெரியும். துருவெல்லாம் நேற்றுத்தான் பூசியது போலப் பளபளக்கும். மனைவிக்கு அந்த நிறங்கள் பிடிக்காது. "ஆகாயத்துக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கு, உங்க ஆஸ்பத்திரியிலயே காட்டுங்க" என்பாள். ஆனாலும் ஆணி அடித்து மாட்டுவது அவள்தான், ஏனென்றால் அவர் அடித்தால் கோணிவிடும்.

தனித்தனியாக எடுத்த மூன்று படங்களில் எதிலும் படகு இல்லை. சேர்த்த பிறகுதான் இருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்து அவள் உற்றுப் பார்த்தபோது, பின்பக்கம் கழியோடு ஒருவன் நிற்பது தெரிந்தது. இடது தோள் சற்றே இறங்கியிருந்தது. அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. அது அவளுடைய அப்பா.

முப்பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் படகுக்காரன் தொழிற்சாலையில் ஓடு ஏற்றிக்கொண்டு ஊர்த் துறைக்குக் கிளம்பியிருந்தான். அன்று மத்தியானம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கால்வாயில் தேடியவர்களுக்கு ஒரு உடைந்த ஓடுகூடக் கிடைக்கவில்லை. அவனுக்கு வேறு எங்கேயோ இன்னொரு குடும்பம் இருந்ததாகவும், சரக்கோடு அங்கே போய்விட்டதாகவும் ஊர் முடிவு செய்தது. ஏழு வயதுப் பெண், ஓடிப்போனவன் மகள் என்ற பெயரோடு பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டாள். அவள் அம்மா சாகும்வரை அவனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மகளும் கால்வாய்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

படகு படத்தின் ஓரத்தை எட்டினால் என்ன ஆகும் என்று எக்ஸ்ரேக்காரர்தான் கவலைப்பட்டார். அடுத்த மாதம் முழுக்க ஞாயிறுகளில் தொழிற்சாலை முதல் ஊர்த் துறை வரை கால்வாயைத் துண்டு துண்டாக எடுத்து, ஒன்பது படங்களாக்கினார். "கழட்டி வீசட்டுமா, மாட்டட்டுமா? நீயே சொல்லு" என்று கேட்டார். அவள் சுத்தியலை எடுத்துக்கொண்டாள். "வரட்டும். கேக்கறதுக்கு ஒரே ஒரு கேள்வி வச்சிருக்கேன்."

சட்டங்களுக்கு நடுவே விரல் நுழையாதபடி நெருக்கி மாட்டினாள். வரவேற்பறையில் நான்கு, படுக்கையறைக் கதவில் ஒன்று, நடையில் மூன்று, கடைசிப் படம் சமையலறையில். கதவில் இருந்த படத்தில் படகு போன ஐந்து மாதமும் அந்தக் கதவை யாரும் மூடவில்லை. நடையின் மூலை திரும்ப இரண்டு நாள் பிடித்தது. கழி சுவரில் உரசும் சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எலி என்று நினைத்தார்கள். வந்த உறவினர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், பிறகு ஃபோனில் நலம் விசாரிக்கும்போது, "படகு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றும் சேர்த்துக் கேட்கப் பழகினார்கள்.

ஏழாவது படத்தில் மதகு இருந்தது. தண்ணீரைத் தடுத்து நிற்கும் இரண்டு இரும்புக் கதவுகள், மேலே அவற்றைத் திறக்கும் சக்கரம். படத்தில் கதவுகள் மூடியிருந்தன. படகு அவற்றுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஒரு நாள் போயிற்று, பதினொரு நாள் போயிற்று, ஸ்கேலில் மாற்றமே இல்லை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் படகுக்காரன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்திக்கொண்டிருந்தான். தொழிற்சாலையை மூடிய அன்றே மதகுக் காவலாளியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாதி வழியில் ஒரு படகு வருகிறது என்று யாருக்கும் நினைவிருக்கவில்லை.

அதற்குள் கால்வாயை மூடிச் சாலை போடும் வேலை ஊர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை லாரிகள் மதகுக்கு வந்துவிடும் என்று கேள்விப்பட்டு, ஞாயிறு காலை கணவனும் மனைவியும் கிரீஸ் டப்பாவும் இரும்புக் குழாயும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனார்கள். சக்கரம் துருவேறி இறுகியிருந்தது. எக்ஸ்ரேக்காரர் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. "எலும்பாயிருந்தா எங்க ஒடஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன்" என்றார் மூச்சு வாங்கியபடி. சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி, "நாளைக்கு மண்ணுக்குள்ள போற கதவை எதுக்கும்மா திறக்கறீங்க?" என்றார்.

"எங்கப்பா அந்தப் பக்கம் நிக்கிறாருங்க."

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். பாசிதான் தெரிந்தது. ஆனால் அந்த அம்மாள் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வர, குழாயை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் நான்கு ஆட்களைக் கூப்பிட்டார். ஏழு பேர் சேர்ந்து அழுத்தியதில் சக்கரம் ஒரு முறை அலறிவிட்டுச் சுற்றியது. கதவுகள் விலகின. தண்ணீர் பாய்ந்து, மேஸ்திரி புதிதாகக் கொட்டிய மண்ணெல்லாம் சேறானது. எக்ஸ்ரேக்காரர் இருட்டாக ஒன்று, சரியாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என எடுத்தார். அன்று மாலையே படம் சட்டத்துக்குள் போனது. படகு திறந்த கதவுகளுக்கு நடுவே இருந்தது. மறுநாள் காலை ஸ்கேல் நான்கு மில்லிமீட்டர் காட்டியது.

அடுத்த பத்தாவது மாதம், ஒரு வியாழக்கிழமை, அவள் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது படகுக்காரன் சமையலறையில் இறங்கினான். முப்பத்து மூன்று வயது. கால்கள் நனைந்திருந்தன, தோளில் ஓட்டுத் தூசி. ஐம்பது வயதுப் பெண்மணியைப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கணும்மா. ஊர்த் துறை இதுதானே? என் சம்சாரமும் பொண்ணும் கரையில நிப்பாங்க, காணோம்."

கேள்வியை நாற்பது வருடம் தயார் செய்து வைத்திருந்தவள் அவள். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஏன் இவ்ளோ நேரம்?"

"மதகுல ஆளே இல்லம்மா. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அப்புறம் யாரோ ஒரு அம்மா வந்து திறந்துவிட்டாங்க. கையெல்லாம் ரத்தம், பாவம். கிட்டத்தட்ட உங்க சாயல்தான்."

அவள் டப்பாவை மூடாமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஓடிப்போகவில்லை. காத்திருந்தான், அவ்வளவுதான். அதை அவள் அம்மாவிடம் சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்ததும், அழுதுகொண்டே ஒவ்வொன்றாக அவனுக்குச் சொன்னாள். அவள் யார் என்பதை நம்ப அவனுக்கு அரைமணி நேரம் ஆனது, மனைவி இறந்துவிட்டதை நம்ப மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் எக்ஸ்ரேக்காரர், தன்னைவிடப் பத்தொன்பது வயது இளைய மாமனாரைத் தினமும் மாலை நடக்கக் கூட்டிப்போனார்.

கால்வாய் சாலையாகிவிட்டதால் அவன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான். நிதானமாக, நடுவில் மட்டும் ஓட்டுவான். அடையாள அட்டை கொடுக்கும் அலுவலகத்தில், அப்பா முப்பத்து நான்கு, மகள் ஐம்பத்தொன்று என்ற விவரத்தைப் பார்த்த குமாஸ்தா இரண்டு முறை சரிபார்த்துவிட்டு முத்திரை குத்தினார். மகளை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் படகுக்காரனுக்குப் பெரிய பாடாக இருந்தது. நீ என்று சொல்ல நாக்கு வரவில்லை. நீங்க என்றால் அவள் முகம் வாடியது. ஒன்றரை வருடம் இரண்டும் இல்லாமல், "சாப்பிட்டாச்சா", "கிளம்பியாச்சா" என்றே ஒப்பேற்றினான். பிறகு ஒரு காலை அவள் நாற்காலிமேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவன் அதைப் பார்த்துப் பதறிப்போய், "ஏய் பாப்பா, இறங்கு முதல்ல. விழுந்து கையைக் காலை ஒடச்சுக்கப் போறே!" என்று அதட்டினான்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, வலது முழங்காலில் வலி. அப்பா திட்டினாரே என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கினாள். துணியை வாங்கி, மிச்சத்தை அவன் துடைத்தான்.